கடன் வாங்கிய சென்னை சிம்

போன மாதம் மகள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அப்பா, இதில எது வேணுமெண்டு சொல்லுங்கோ" என்றாள். சிங்கப்பூரில் ஒரு கலியாணத்துக்குப் போகிறோம். அங்கே பாவிக்க ஈ-சிம் வாங்கப் போகிறாளாம். சிம் என்று ஒரு பொருளே கையில் வராதாம். காசைக் கட்டினால் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும், அதை ஸ்கேன் பண்ணினால் வேலை முடிந்ததாம். ஒரு கொம்பனி நாள் கணக்கில் தருகிறது. இன்னொன்று டேட்டா கணக்கில் தருகிறது. மூன்றாவதுதான் ஆக மலிவு, ஆனால் அதில் கோல் எடுக்க முடியாது, டேட்டா மட்டும்தான்.

"வட்ஸ்அப்பில கதைக்கிற ஆக்களுக்குக் கோல் என்னத்துக்கு? மலிவானதையே எடுப்பம்" என்றாள்.

"மலிவானது வேண்டாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கொசுறுக் கறிவேப்பிலைக்கும் மரக்கறிக்காரனோடு மல்லுக்கு நிற்கிற மனிசன் நான். இந்த வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததை அவள் கேட்டதே இல்லை.

"எங்கட இஞ்சத்தைய நம்பர் வேலை செய்யுமோ?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு உள்ளுக்க கிடக்கும். ரெண்டும் ஒண்டா வேலை செய்யும் அப்பா."

"போனில இருக்கிற நம்பருகள் அழியாதோ?"

"ஐயோ அப்பா, நீங்கள் எந்தக் காலத்தில இருக்கிறியள்?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. எழும்பி பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்க்கிற மாதிரி நின்றேன். வெளிநாட்டுச் சிம் என்ற பேச்செடுத்தாலே எனக்கு ஒரு வெட்கக்கேடு ஞாபகம் வந்துவிடும். குடும்பத்தில் மற்றவர்கள் அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். நான் சிரிப்பதில்லை.

யுத்தம் அதன் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அம்மாவும் நானும் இதே கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மாடிக் கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு இறக்குமதிக் கொம்பனியில் கணக்கு வேலை. அண்ணா அகதியாகக் கனடாவுக்குப் போனவர். போன பிறகு அம்மா அவர் முகத்தை நேரில் கண்டதில்லை. அவர் கொழும்புக்கு வரப் பயந்தார். அம்மாவுக்குக் கனடா விசா கொடுக்கிறார்கள் இல்லை. எங்கள் ஆட்களில் இப்படிப் பிரிந்து கிடந்தவர்கள் சந்திக்கிற இடம் சென்னைதான். கடைசியில் எங்கள் வீட்டிலும் அப்படியே முடிவானது. அம்மா முதலில் போவார். அங்கே இருக்கிற சித்தி விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவார். அடுத்த நாள் அண்ணா வந்திறங்குவார்.

எனக்கு லீவு இல்லை. அம்மா தனியாக நாடு விட்டுப் போவது அதுதான் முதல் தடவை. அண்ணா கனடாவிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "அம்மாவின்ர கையில வேலை செய்யிற போன் ஒண்டு இருக்கோணும். அது உன்ர பொறுப்பு." அம்மாவோ, "என்ர பிள்ளையை ஒருக்காக் கண்ணால கண்டாப் போதும், போனும் கோதாரியும் எனக்கு என்னத்துக்கு" என்பார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் பயம். சித்தி வராவிட்டால் என்ன செய்வது என்று சோறு போடும்போதும் கேட்டார், பாயை விரிக்கும்போதும் கேட்டார்.

முதலில் ரோமிங் பார்த்தோம். காலி வீதியில் ஒரு போன் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே, "உள்ளுக்க ஒண்டும் கதையாதேங்கோ, நான் கதைக்கிறன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம். "கீயத" என்று விலை கேட்பார், "எப்பா" என்று வேண்டாம் சொல்வார், அதோடு சரி. நான் பள்ளிக்கூட நாட்களிலேயே கொழும்புக்கு வந்து, தெருவில் கிரிக்கெட் விளையாடிச் சிங்களம் படித்தவன். எனக்கு அதில் பெரிய புழுகம், பெருமை. முன்பின் தெரியாத ஆட்கள் என்னைச் சிங்களப் பொடியன் என்றே நினைத்துக் கதைப்பார்கள். அப்படி நினைக்கும்போது எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி வரும். அன்றும் கடைக்காரர் என்னோடு ஊர்க்காரன் மாதிரிச் சிரித்துக் கதைத்தார். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

ரோமிங் எடுக்க மாதக் கட்டண இணைப்பு வேண்டுமாம். அதற்கு முற்பணம் கட்டவேண்டுமாம். அது போகட்டும், சென்னையில் இருக்கும்போது நாங்கள் எடுக்கிற கோலுக்கு மட்டுமில்லை, எங்களுக்கு வருகிற கோலுக்கும் காசு ஓடுமாம். வெளியே வந்து அம்மாவுக்கு இதைச் சொன்னதும் அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"எனக்கு ஒருத்தன் போன் எடுத்தால் நானோ காசு குடுக்கிறது? இதென்ன விசர்க்கதை!"

"மெதுவாக் கதையுங்கோ அம்மா" என்றேன். பக்கத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா வாயை மூடிக்கொண்டார்.

எனக்கும் அந்த ரோமிங் பிடிக்கவில்லை. பட்சி மாதிரி ஒரு நாளில் பறந்துபோகிற காசு அது. அங்கே போய்ச் சென்னைச் சிம் வாங்கலாம் என்றால், இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சிம் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். கார்ட் வாங்கி பூத்தில் நின்று எடுப்பதெல்லாம் அம்மாவுக்குச் சரிவராது. இப்படி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கீழ்வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வழி காட்டினார்.

நானாவுக்குப் புறக்கோட்டையில் சாரிக்கடை. சரக்கெடுக்கச் சென்னைக்குப் போய்வந்த ஆள். "மகன், ஏன் யோசிக்கிற? ஏன்ட சென்னைச் சிம் ஒண்டு சும்மா ஈக்கிது. முந்தி அடிக்கடி போற, இப்ப போறல்ல. அம்மாட போன்ல போட்டு அனுப்புங்க. உள்ளுக்குள்ள கோல் எடுக்கச் சல்லியும் ஈக்கிது" என்றார். அலுமாரியிலிருந்து ஒரு சின்னப் பொலித்தீன் உறையை எடுத்து என் கையில் வைத்தார். வாடகையும் இல்லை, முற்பணமும் இல்லை. எனக்கு வாயெல்லாம் பல். அண்ணா எடுத்தபோது, "எல்லாம் ஓகே, சென்னைச் சிம் ஒண்டு எடுத்திட்டன்" என்று பெருமையாகச் சொன்னேன். ஓசியில் எடுத்தது என்பதைச் சொல்லவில்லை.

அந்தச் சிம் கொழும்பில் உயிர் வராது; சென்னைக் காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். அதனால் சோதித்துப் பார்க்க வழியில்லை. கன நாள் ரீலோட் பண்ணாத சிம்மைக் கொம்பனி வெட்டிவிடும் என்பது நானாவுக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் தோன்றவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் அன்று காலையில் அம்மாவின் கொழும்புச் சிம்மைக் கழற்றி, தொலையாமல் இருக்க என் பேர்ஸுக்குள் வைத்தேன். சென்னைச் சிம்மை உள்ளே போட்டு, "இனி உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, இறங்கினவுடன ஓன் பண்ணுங்கோ" என்றேன். அம்மாவின் அந்தப் பழைய போனில் நம்பர்களெல்லாம் சிம்முக்குள்தான் பதிவாகும். சித்தியின் நம்பரையும் சேர்த்து என் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு அம்மாவை அனுப்பியிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குப் பிறகுதான் விமானம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அம்மாவை விட்டுவிட்டு நேரே கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மா இறங்கியிருப்பார், சித்தி வந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னேரம் வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தேன்.

அந்த நாட்களில் பஸ்ஸில் நாங்கள் தமிழில் கதைப்பதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் கொஞ்ச நாளுக்கு முன்தான் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது; அதன் பிறகு தமிழில் ஒரு வார்த்தை விழுந்தால் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். போன் அடித்தால் "ம்… ம்…" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவோம். அம்மாவுக்கும் அது பழக்கம். "ம்" என்றால் பிள்ளை பஸ்ஸில் நிற்கிறான் என்று விளங்கிக்கொள்வார்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட பஸ்ஸை மறித்தார்கள். ஒரு பொலிஸ் சார்ஜனும் இரண்டு ஆமிக்காரரும் ஏறினார்கள். சார்ஜன் என் அடையாள அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். கோயேத யன்னே, எங்கே போகிறாய், என்று அவர் கேட்ட அதே நேரம் பார்த்து என் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. அடிக்கிற போனை எடுக்காமல் விட்டால் இன்னும் சந்தேகம். எடுத்தேன். பஸ் இரைச்சலுக்குள் மெல்லிய குரல்: "தம்பி, நான் அம்மா…"

எனக்கு விளங்கியது. அம்மாதான் என்று நன்றாகவே விளங்கியது. ஆனால் சார்ஜன் என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான அந்த "ம்" கூட எனக்கு வரவில்லை. பளிச்சென்று, தெளிவாக, நல்ல கொழும்புச் சிங்களத்தில் சொன்னேன்: "ஹலோ, கவுத? மம பஸ் எகே இன்னே. பஸ்ஸே கன்ன." யாரது, நான் பஸ்ஸில் நிற்கிறேன், பிறகு எடுங்கள் என்று என் தாயிடம் சொன்னேன். மறுமுனை அப்படியே அறுந்துபோனது.

சார்ஜன் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். நான் அந்த அட்டையைப் பேர்ஸுக்குள் வைக்கும்போதுதான் பார்த்தேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. அதை வாசித்துவிட்டுத்தான் அந்த மனிதர் என் வாயைப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரியாத எதை நான் மறைத்தேன்? சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது. ஆனாலும் அம்மா பத்திரமாக இறங்கிவிட்டார், அதைச் சொல்லத்தான் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு போன் அடிக்கவேயில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று என்று ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

ஒழுங்கைக்குள் இறங்கும்போதே கட்டடத்து வாசலில் கூட்டம். மேல்மாடி டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். நானா தொப்பி போட்டு, சட்டை மாற்றி, எங்கேயோ புறப்பட ஆயத்தமாக நின்றார். யாருக்கோ என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்து எட்டி நடந்தேன்.

"என்ன நானா? ஆருக்கு என்ன?"

டீச்சர் என்னைக் கண்டு "ஐயோ!" என்று கத்திவிட்டு, ஓடிவந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உன்னை விட்டிட்டாங்களோ? அடிச்சாங்களோ? சொல்லு மோனை!"

நானா என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். கூட்டமும் பின்னாலேயே வந்து அந்த முன்னறையை நிறைத்தது. அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அம்மா இறங்கிப் போனை ஓன் பண்ணியிருக்கிறார், சிம்முக்கு உயிரில்லை. சித்தி வேறு வாசலில் நின்றிருக்கிறார். சித்தியின் நம்பரைத் தேடினால் போனில் ஒரு நம்பரும் இல்லை. அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்று, அது என்னுடையது. கூட வந்த ஒரு பெண்ணிடம் கெஞ்சி அவருடைய போனில் எனக்கு எடுத்திருக்கிறார். எடுத்தால் யாரோ ஒருவன் சிங்களத்தில் கதைக்கிறான். பஸ் என்று நான் சொன்னது அந்த இரைச்சலுக்குள் அம்மாவுக்குப் பொலிஸ் என்று கேட்டிருக்கிறது. மம பொலிஸ் எகே இன்னே. நான் பொலிஸில் இருக்கிறேன். பிள்ளையின் போன் பொலிஸ்காரனின் கையில்.

தமிழ்ப் பொடியன்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போகிற காலம். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அந்த வாசலிலேயே இருந்து குழறி அழுதிருக்கிறார். சத்தம் கேட்டுத்தான் சித்தி கண்டுபிடித்திருக்கிறார். சித்தி கனடாவுக்கு அடித்து அண்ணாவிடம் சொல்லி, அண்ணா, எங்களுக்குப் போன் இல்லாத நாட்களில் அவர் எடுத்த நானாவின் வீட்டு நம்பருக்கு அடித்து, இப்போது நானா பொலிஸ் நிலையத்துக்கு என்னைத் தேடிப் போகப் புறப்பட்டு நிற்கிறார். என் நம்பருக்கு மட்டும் யாருமே எடுக்கவில்லை. பொலிஸ்காரனின் கையில் இருக்கிற போனுக்கு இந்தியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கோல் வந்தால் பொடியனுக்குத்தானே ஆபத்து? இத்தனை பேரும் அப்படி யோசித்திருக்கிறார்கள். நான் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அது நான்தான்" என்றேன். "பஸ்ஸில செக்கிங். நான்தான் சிங்களத்தில கதைச்சனான்."

டீச்சர் என் கையை மெல்ல விட்டார். "பெத்த தாயோடயோ?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நானாதான், "அத உடுங்க டீச்சர், புள்ள வந்திட்டான்தானே" என்று சொல்லித் தன் மேசைப் போனை என் பக்கம் தள்ளினார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனிதர் தன் சிம் செத்துக் கிடந்ததற்கு என்னிடம் மாப்புக் கேட்டார்.

சித்தியின் போனுக்கு எடுத்தேன். சித்தி என் குரலைக் கேட்டதும், "கடவுளே!" என்றார். பிறகு, "அக்கா இன்னும் எயார்போட்டை விட்டு வெளிக்கிடேல்லை. திரும்பிப் போக டிக்கெட் எடுத்துத் தா எண்டு நிலத்தில இருக்கிறா. பெரியவன் நாளைக்கு வாறான் எண்டு சொன்னாலும் கேக்கிறா இல்லை. நீயே கதை" என்று போனை அம்மாவிடம் கொடுத்தார்.

"அம்மா, நான்தான். எனக்கு ஒண்டுமில்லை. நான் வீட்டில."

அம்மா மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"நானா, டீச்சர், எல்லாரும் நிக்கினம்."

"அவங்கள் சொல்லச் சொல்லித்தானே சொல்லுறாய்? நீ ஒண்டும் கதையாதை ராசா. ஓமெண்டால் 'ம்' எண்டு மட்டும் சொல்லு. நான் விளங்கிக்கொள்ளுறன்."

"இல்லையம்மா! உண்மையா நான் வீட்டில நிக்கிறன்!"

நானா ரிசீவரை வாங்கி, தானும் சத்தியம் பண்ணிச் சொன்னார். அதையும் அம்மா நம்பவில்லை. பாவம், அவரையும் வெருட்டி வைத்திருக்கிறார்கள் என்று சித்தியிடம் சொன்னது எனக்கே கேட்டது. திரும்ப என்னிடம் வந்தார்.

"அப்ப அந்தச் சிங்களம் கதைச்ச பொலிஸ்காரன் ஆர்?"

"அது பொலிஸ் இல்லையம்மா, பஸ். நான் பஸ்ஸில நிக்கிறன் எண்டுதான் சொன்னனான். அது நான்தான்."

"பொய் சொல்லாதை. நான் பெத்த பிள்ளையின்ர குரல் எனக்குத் தெரியாதோ?"

அம்மா இப்படியே திரும்பி விமானம் ஏறிவிட்டால், அண்ணா நாளைக்கு வந்து வெறும் வாசலைப் பார்ப்பார். இனி எந்தக் காலத்தில் இருவரும் காண்பது? என் கையில் அம்மாவுக்குக் காட்ட ஓர் அத்தாட்சியும் இல்லை.

"நீதானெண்டால் அதை எனக்குச் சொல்லிக் காட்டு" என்றார் அம்மா.

"எதை?"

"அவன் சொன்னதை."

முன்னறை நிறைய ஆட்கள். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கேல்லை. அப்ப சொன்ன மாதிரிச் சொல்லு."

சொன்னேன். சார்ஜனுக்கு முன்னால் சொன்ன அதே சுத்தத்தோடு, அதே கொழும்புச் சிங்களத்தில், என் தாயைப் பார்த்து யாரது என்று கேட்டேன். நான் பஸ்ஸில் நிற்கிறேன், பிறகு எடுங்கள் என்றேன். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கோல் அறுந்துவிட்டதோ என்று பயந்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன்.

"நிக்கிறன்" என்றார். அழுகை அடங்கியிருந்தது. "நீதான்."

"ஓமம்மா."

"இன்னொருக்காச் சொல்லு தம்பி."

"என்னத்துக்கம்மா?"

"இப்பிடியும் உனக்கு ஒரு குரல் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. நான் அதையும் பழகி வைச்சிருக்கோணும்."